இடைஞ்சல் பேசுகிறேன்

மனிதனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் எந்த இடத்தையும் நான் நம்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டார்கள். பதில் தெரியாததால் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். ரேஷன் கடையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். எல்லா பதிலும் சரியாகச் சொன்ன பிறகு சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றார்கள். உட்கார வைத்துக் கேட்பவனிடம் கொஞ்சமாவது கருணை இருக்கும், ஒரு நாற்காலி அளவுக்கு. இந்தக் கொள்கையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவையெல்லாம் உட்கார்ந்து எழுதியவை என்பதால் இந்த விஷயத்தில் உதவவில்லை.) செங்கல்பட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில், நின்ற நிலையிலேயே, என் கல்யாணத்தை என் வாயாலேயே நிறுத்திய அன்று கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் படித்தவன் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் போய்க்கொண்டிருந்தான். நானும் போனேன். கண்ணாடி என் முகத்தை எனக்கே காட்டித் திருப்பி அனுப்பியது. அதனால்தான் சம்பத் சாரின் நிறுவனத்தில் சேர்ந்தேன். 'மென்பொருள் தீர்வுகள்' என்று வாசலில் பலகை இருக்கும். அதற்குக் கீழே 'பஞ்சர் பார்க்கப்படும்' என்று டயர் கடைக்காரர் பலகை. இரண்டும் ஒரே கம்பியில் தொங்கியதால், எங்களிடமே பஞ்சர் ஒட்டக் கேட்டு மாடியேறி வந்தவர்கள் உண்டு. நாங்கள் செய்ததும் பெரும்பாலும் அதுதான்.

அப்போது எங்கள் கையில் இருந்த பெரிய வேலை, மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலுக்கு அறை முன்பதிவு மென்பொருள். வெள்ளைக்காரர்கள் வரும் சீசனுக்குள் முடித்தாக வேண்டும். ஓட்டல் முதலாளி வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து மாற்றுவார். முதலில் கடல் தெரியும் அறை, தெரியாத அறை என்று இரண்டு வகை. பிறகு பாதி தெரியும் அறை. அப்புறம், "தம்பி, எட்டிப் பாத்தா தெரியற ரூம் நாலு கீது, அதுக்குத் தனி ரேட்டு போடணும்" என்றார். எவ்வளவு தூரம் எட்டினால் என்று கேட்டேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டா, பிடிக்காமலா என்று முருகேசன் கேட்டான்.

முருகேசன் என் சகா. திருப்போரூர்க்காரன். நான் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பது அவன் வேலை. அதை அலுவலக நேரத்துக்கு வெளியிலும் செய்வான். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இந்தக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் புத்திசாலிகள், வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடம்தான் சம்பத் சார் என்னை 'டீம் லீடர்' ஆக்கினார். சம்பளம் ஏற்ற முடியாதபோது பட்டம் ஏற்றுவது அவர் வழக்கம். ஆனால் என் அம்மா அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு முழுக்க ஒரு சுற்று வந்தாள். "பாஸ்கருக்குக் கீழ அத்தினி பேரு வேலை செய்றாங்க" என்பாள். (எனக்குக் கீழே உண்மையில் வேலை செய்தது டயர் கடைதான்.) தரகர் காதில் அது விழுந்தது. கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்பில் இருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் சுகந்தி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

திருக்கழுக்குன்றம் கோயிலில் வைத்து இரண்டு வீட்டாரும் 'தற்செயலாக' சந்தித்துக்கொண்டோம். பெண்ணின் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். அப்பாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட்; வரவில்லை. இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை. மலைப்படியில் பாதிக்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியது. டீம் லீடர் மூச்சு வாங்கலாமா என்று மூக்கை மூடிக்கொண்டு ஏறியதில் காதெல்லாம் அடைத்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த சுகந்தி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "உக்காந்து உக்காந்து வாங்க. மலை எங்கயும் ஓடிடாது."

என் வாழ்க்கையில் ஒருவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணம் செய்தால் இவளைத்தான் என்று அந்தப் படியில் உட்கார்ந்தே முடிவு செய்தேன். மேலே போய்ச் சாமியிடமும் சொன்னேன். சாமி உட்பட எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "அவங்கப்பா ஒருதரம் விசாரிச்சிட்டு தட்டு மாத்திக்கலாம்" என்று பெண்ணின் மாமா சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் சம்பத் சார் பெங்களூர் போய்விட்டு வந்தார்.

ஏதோ பயிற்சி வகுப்பு. போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது பை நிறைய மஞ்சள் ஒட்டுக் காகிதங்களும், முகத்தில் தாங்க முடியாத அன்பும் இருந்தன. முதலாளி முகத்தில் அன்பைப் பார்த்தால் சந்தேகப்படுகிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

"இனிமே நாம 'அஜைல்' முறையில வேலை செய்யப் போறோம்" என்றார். கல்லூரியில் தமிழ் மன்றச் செயலாளராக இருந்தவர் என்பதால் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயரும் வைத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு 'ஓட்டம்'. ஓட்டத்தின் முடிவில் ஏதாவது ஒன்றை முடித்து வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். அவர் மாற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்ற வேண்டும். தினமும் காலையில் சுவரோரம் எல்லோரும் நின்றபடி ஒரு கூட்டம். அதில் ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், உனக்கு என்ன இடைஞ்சல்.

"இடைஞ்சலைச் சொன்னா என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன்.

"மஞ்சள் காகிதத்துல எழுதி சுவத்துல ஒட்டுவேன். அதை எடுத்துப் போடறது என் பொறுப்பு."

"எதை சார், இடைஞ்சலையா, சொன்னவனையா?" என்றான் முருகேசன்.

சார் சிரித்தார். அதுவும் சந்தேகமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "அப்புறம் பாஸ்கர், இந்த முறையில டீம் லீடர் கிடையாது. டீம் தன்னைத்தானே நடத்திக்கும். எல்லாரும் சமம்" என்றார்.

நான் தலையாட்டினேன். என் தலைக்குள் அம்மா செங்கல்பட்டு முழுக்க நடந்துகொண்டிருந்தாள்.

டீக்கடையில் முருகேசன் விஷயத்தை உடைத்துச் சொன்னான். "மச்சான், இது இன்னான்னு நெனச்ச? எங்க அக்கா வூட்டுக்காரர் ஆபீசுல இதே தான் ஆச்சு. மொதல்ல நிக்க வெச்சு கேப்பாங்கோ. அப்பால பெங்களூருலேர்ந்து ஒரு ஆளு வருவான். சும்மா ஓரமா குந்திகினு பாப்பான். போய் பேரு குடுப்பான். அவ்ளோதான், அடுத்த வாரம் ரெண்டு சீட்டு காலி."

"சார் அப்படிப்பட்டவர் இல்லடா."

"சார் நல்லவருதான். அந்த மஞ்சக் காயிதம்தான் டவுட்டா கீது."

நான் நம்பவில்லை. ஆனால் அந்த வாரமே சம்பத் சார் கூட்டத்தில் சொன்னார்: "பயிற்சி குடுத்தவங்க ஒரு ஆளை அனுப்புறாங்க. யாருன்னு எனக்கே தெரியாது. எந்த நாள் வேணா வரலாம். ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போயிடுவார். நீங்க அவரைக் கண்டுக்காதீங்க, இயல்பா இருங்க."

முருகேசன் என்னைப் பார்த்தான். அதன்பிறகு நாங்கள் எவருமே இயல்பாக இல்லை. கரண்ட் பில் ரீடிங் எடுக்க வந்தவருக்கு முருகேசன் நாற்காலி போட்டான். குரியர்க்காரனிடம் நான் 'ஓட்டம்' பற்றி விளக்கினேன். அவன், தான் நடந்தே வந்ததாகச் சொன்னான்.

அந்த ஆள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. வாசலில் நின்று பலகையைப் படித்தார், கதவின் கீலைப் பார்த்தார், சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைத் திருப்பி அதன் தேதியைப் பார்த்தார். வாழ்க்கையில் எதையும் ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் வாங்கியிராத முகம்.

"கடைக்கு பில் போடற சாஃப்ட்வேர் ஒண்ணு வேணும். விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"என்ன கடை சார்?"

"மளிகை." கொஞ்சம் யோசித்து, "மளிகைன்னா, ஹார்ட்வேர்" என்றார்.

மளிகைக்கும் ஹார்ட்வேருக்கும் நடுவில் அவர் விட்ட மூச்சிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. முருகேசன் என் காதருகே வந்து, "ஆணியா அரிசியான்னு கூட முடிவு பண்ணாம வந்துகீறான் பாரு. இவன்தான்" என்றான். அறைக்குள்ளிருந்த சம்பத் சாரும் கண்ணாடி வழியே பார்த்து என்னிடம் மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு, உன் எதிர்காலம் உன் கையில் என்று அர்த்தம். அது சரியாகத்தான் இருந்தது. எந்த எதிர்காலம் என்பதில்தான் சின்னக் குழப்பம்.

சார் தயாராகும்வரை அவரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பேசினேன் என்பதைவிட, மூன்று நாளாக மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"இங்க யாரு யாருக்கு மேல தம்பி?" என்று கேட்டார்.

முதல் கேள்வியே பாடத்தில் இருந்து. "யாரும் யாருக்கும் மேல இல்ல சார். எல்லாரும் சமம்."

"டீம் லீடர்னு ஒருத்தர் இருக்கறதா சொன்னாங்களே."

பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். பட்டத்தின் மேல் எனக்கு ஆசை இருக்கிறதா என்று பார்க்கிறார். "அப்படி ஒருத்தரே கிடையாது சார். முன்னாடி சும்மா பேருக்கு ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

"சரி, ஒரு வேலையை எடுத்தா எத்தினி வருஷத்துக்கு யோசிச்சு செய்வீங்க?"

"வருஷமா? ரெண்டு வாரத்துக்கு மேல நாங்க யோசிக்கிறதே இல்ல சார்."

"ரெண்டு வாரம்."

"ஆமா சார். ரெண்டு வாரம் போய்ப் பார்ப்போம். சரியா வந்தா மேல போவோம். வரலன்னா விட்டுட்டு வேற ஒண்ணு ஆரம்பிச்சிடுவோம். தோக்கறதா இருந்தா சீக்கிரமா தோத்துடறது நல்லது."

"ஒத்துகினு வந்துட்டு நடுவுல விடறது தப்பில்லையா தம்பி?"

"அதான் சார் பழைய சிந்தனை" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் பற்கள் கூசுகின்றன. "முதல்லயே எழுதி வெச்சதைக் கட்டிக்கினு அழறதைவிட, மாத்தத்தை சந்தோஷமா ஏத்துக்கணும் சார். இன்னொண்ணு இருக்கு. செய்யாம விடற வேலையை எவ்வளவு அதிகமாக்கறமோ அவ்வளவு நல்லது. அது ஒரு கலை."

"வேலை செய்யாம இருக்கறது?"

"கலை சார்."

அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெங்களூர்ப் பயிற்சி எவ்வளவு ஆழமானது என்று வியந்தேன்.

அதற்குள் சம்பத் சார் கைதட்டிக் கூட்டத்துக்கு அழைத்தார். எல்லோரும் மஞ்சள் காகிதச் சுவரில் முதுகு படாமல் வரிசையாக நின்றோம். வந்தவர் ஓரமாக நாற்காலியில். முருகேசன் சொன்ன மாதிரியே, குந்திக்கொண்டு பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே ஒரு சங்கடம் இருந்தது. முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவதுக்கு எல்லோரும், "ஒண்ணும் இல்ல சார்." முதலாளி எதிரில் இடைஞ்சல் இருக்கிறது என்று சொல்ல நம் ஊரில் யாருக்குப் பழக்கம்? சார் அதற்காக முந்தின நாள் கண் கலங்கும் அளவுக்குப் பேசியிருந்தார். இடைஞ்சலே இல்லாத டீம் பொய் சொல்கிற டீம். ஒருத்தரை ஒருத்தர் நம்ப வேண்டும். மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே அன்றைக்கு எல்லோரும் ஏதாவது சொல்லியே தீர வேண்டும்.

புத்திசாலிகள் மூவரும் கரண்ட், கரண்ட், கரண்ட் என்றார்கள். முருகேசன், "இன்டர்நெட்டு ஸ்லோவா கீது சார், மத்தபடி இன்னா கொறை" என்றான்.

என் முறை. கரண்டும் இன்டர்நெட்டும் போய்விட்டன. வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுபடுகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்காக எதையும் விடக்கூடியவன் என்று தெரிய வேண்டும். சீட்டு இரண்டு காலியானாலும் என் சீட்டு மிஞ்ச வேண்டும். டீம் லீடர் பட்டம் போனதோடு வேலையும் போனால் சுகந்தி வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? ஆக, முழுக்க முழுக்கச் சுகந்திக்காகவே, தெளிவான குரலில் நான் சொன்னது இது:

"எனக்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான் சார். வீட்ல கல்யாணம் பண்ணிக்கச் சொல்லித் தொந்தரவு பண்றாங்க. அணுபுரத்துல ஒரு இடம். அதனால வேலையில கவனம் சிதறுது. எப்படியாவது அதைத் தள்ளிப் போட்டுட்டு ஓட்டத்தை முடிச்சுடறேன்."

சம்பத் சார் நெகிழ்ந்துபோனார். ஒரு டீம் ஆள் மனதைத் திறந்துவிட்டான். கொட்டை எழுத்தில் 'இடைஞ்சல்: அணுபுரம் கல்யாணம்' என்று மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மின்விசிறிக் காற்றில் அது படபடத்தது. முருகேசன் அதை ஒட்டி வைப்பதற்காக விரலால் அழுத்தினான். நண்பன்.

நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். சட்டையின் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். நேராகச் சுவரிடம் போய், அந்தக் காகிதத்தை ஒரு தடவை படித்தார். பிறகு மெதுவாக, கிழியாமல், உரித்து எடுத்தார்.

"இந்த இடைஞ்சலை நானே எடுத்துடறேன்" என்றார்.

"பாத்தீங்களா, இதுதான் உண்மையான தலைமை" என்று சம்பத் சார் எங்கள் பக்கம் திரும்பி விளக்கினார். "மேல இருக்கறவங்க உத்தரவு போடக் கூடாது, இடைஞ்சலை எடுக்கணும். சார், உங்க பேர் சொல்லலையே."

"ஏகாம்பரம்." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அணுபுரம்தான். சுகந்தியோட அப்பா."

சொல்லிவிட்டு என்னிடம், "அம்மாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன் தம்பி, நீ ஓட்டத்தை முடி" என்று படியிறங்கிப் போனார். கீழே டயர் கடையில் ஏதோ ஒரு டியூப் சொல்லிவைத்த மாதிரி வெடித்தது.

முருகேசன்தான் பேசினான். "மச்சான், அப்போ பெங்களூர் ஆளு?"

(பெங்களூர் ஆள் திங்கட்கிழமை வந்தான். தோளில் பையோடு ஒல்லியாக ஒரு பையன். கொசுவத்தி விற்க வந்தவன் என்று முடிவு செய்து முருகேசன் அவனைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு வாரம் கழித்து விஷயம் தெரிந்து சம்பத் சார் முகத்திலிருந்த அன்பு இறங்கியது. நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.)

வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "இன்னாடா சொன்ன அந்த மனுசன் கிட்ட? 'உங்க பையன் ரெண்டு வாரம் வெச்சுப் பாத்துட்டு புடிக்கலன்னா வேற ஆரம்பிப்பாராமே, எங்க பொண்ணு சாஃப்ட்வேர் இல்லம்மா'ன்னு கேக்கறாரு. எனக்கு ஒரு எழவும் புரியல. வேலை செய்யாம இருக்கறது கலைன்னு சொன்னியா?"

"சொன்னேம்மா, ஆனா அது..."

"டீம் லீடரே இல்லன்னியா?"

"ஆமா, ஆனா..."

"பொண்ணு உனக்கு இடைஞ்சலுன்னு சொன்னியா?"

இதற்கு 'ஆனா'கூட வரவில்லை.

அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல், "அவனை நிக்க வெச்சுக் கேக்காத. உக்காரச் சொல்லிக் கேளு" என்றார். அவர் ஒருவர்தான் என் கொள்கையைப் புரிந்துகொண்டவர்.

ஞாயிற்றுக்கிழமை, தரகரிடமும் சொல்லாமல், நான் தனியாகப் பஸ் பிடித்து அணுபுரம் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மலையைப் பார்த்தேன். அவள் சொன்ன மாதிரி அது எங்கேயும் ஓடவில்லை. ஓடியது நான்தான்.

ஏகாம்பரம் கதவைத் திறந்தார். ஆச்சரியப்படவில்லை. குவார்ட்டர்சின் சின்னக் கூடம். சுகந்தியின் அம்மா உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துக்கொண்டு வந்தார்.

"சேர் வேணாம்" என்றார் ஏகாம்பரம். "இவங்க ஆபீஸ்ல நின்னுகினு பேசறதுதான் முறை."

நின்றேன். பஸ்ஸில் தயார் செய்தது எல்லாம் பஸ்ஸோடு கல்பாக்கம் போய்விட்டது. தட்டுத்தடுமாறிச் சொன்னேன்: அவரைப் பெங்களூரிலிருந்து வந்த வேவு ஆள் என்று நினைத்தது, வேலை போய்விடும் என்று பயந்தது, பாடம் ஒப்பித்தது, எல்லாம். அஜைல் என்றால் என்ன என்று விளக்கவும் ஆரம்பித்து, மூன்று கேள்விகளைச் சொல்லி முடித்ததும், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினேன். (தோற்பதாக இருந்தால் சீக்கிரம் தோற்றுவிட வேண்டும்.)

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "அன்னிக்கு சொன்னது நிஜமா, இன்னிக்கு சொல்றது நிஜமா?" என்றார்.

"இன்னிக்குச் சொல்றதுதான் நிஜம் சார். அன்னிக்கு உங்களை வேற ஆளுன்னு நெனச்சு அப்படிச் சொல்லிட்டேன்."

"அப்போ ஆளுக்கு ஏத்த மாதிரி பேசுவ."

அணுமின் நிலையத்தின் இரும்பையும் கான்க்ரீட்டையும் வாழ்நாள் முழுக்கத் தட்டிப் பார்த்து, விரிசல் எங்கே என்று கண்டுபிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட மனிதர் அவர். ஒரே தட்டில் கண்டுபிடித்துவிட்டார்.

அப்போதுதான் சுகந்தி வந்தாள். அவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். கையில் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களும் சிவப்பு மைப் பேனாவும்.

"அப்பா, நீங்க இன்னா கடைன்னு சொன்னீங்க இவர்கிட்ட?"

ஏகாம்பரம் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஹார்ட்வேருங்க" என்று நான் உதவினேன். "முதல்ல மளிகை."

"நமக்கு ஏதுப்பா கடை?"

"விசாரிக்கப் போறவன் இன்னார்னு சொல்லிக்கினா போவான்?"

"நீங்க வேற ஆளுன்னு சொல்லிப் போனீங்க, அவரு வேற ஆளுன்னு நெனச்சுப் பேசுனாரு. ரெண்டு பேருமே ஆளுக்கு ஏத்த மாதிரிதான் பேசியிருக்கீங்க. இதுல அவருக்கு மட்டும் எப்படி மார்க்கைக் குறைக்கறது?"

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். டீச்சர் முகம். "இப்ப நீங்க சொல்லுங்க. நேத்து இன்னா பண்ணீங்க?"

மனப்பாடம் இல்லாத பதில் வந்தது. "நாள் பூரா இங்க வரதுக்குப் பயந்துகினு வீட்ல உக்காந்திருந்தேன்."

"இன்னிக்கு?"

"வந்துட்டேன்."

"இடைஞ்சல்?"

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் அந்த மஞ்சள் காகிதத்தின் ஓரம் தெரிந்தது; இரண்டு நாளாகச் சட்டை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று சம்பத் சார் படித்துப் படித்துச் சொன்னதை, வாழ்க்கையில் முதலும் கடைசியுமாகக் கடைப்பிடித்தேன்.

"உங்கப்பாதாங்க" என்றேன்.

சுகந்தியின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சுகந்தி மூடிக்கொள்ளவில்லை, சிரித்தேவிட்டாள். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "சேரை எடுத்துப் போடு" என்றார்.

உட்கார்ந்தேன். அவ்வளவு வசதியான பிளாஸ்டிக் நாற்காலியில் அதற்குப் பிறகு நான் உட்காரவேயில்லை.

தட்டு மாற்றிக்கொண்டபோது வெற்றிலை பாக்கோடு அந்த மஞ்சள் காகிதத்தையும் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தார். பசை போய்விட்டிருந்தது. ஓட்டல் மென்பொருளும் சீசனுக்குள் எப்படியோ போய்ச் சேர்ந்தது. எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் அறையில் இரண்டு தேனிலவுத் தம்பதிகளுக்கு ஒரே நேரத்தில் இடம் கொடுத்ததாகக் கேள்வி. அந்தத் தப்பை முருகேசன் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவன் என் கல்யாணத்துக்கு வந்திருந்தான்.

இதெல்லாம் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிறகு நானும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போனேன். ஒவ்வொரு நிறுவனத்திலும் காலையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். என்ன இடைஞ்சல் என்றால், கரண்டு என்று சொல்லிவிடுவேன். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள், இருந்தாலும் கரண்டுதான்.

மாமனார் ஏகாம்பரம் எப்போதோ ஓய்வு பெற்றுத் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் போன் வரும். எடுத்ததும் பேர் சொல்ல மாட்டார்.

"இடைஞ்சல் பேசறேன்."

"சொல்லுங்க மாமா."

"நின்னுகினு பேசறியா, உக்காந்துகினு பேசறியா?"

"உக்காந்துகினுதான் மாமா" என்பேன், எழுந்து நின்றபடி.

"போனை சுகந்திகிட்ட குடு" என்பார். "அவளைக் கேட்டுக்கறேன்."